நம் மண்ணின் இசைக்குழுக்கள்
(ஜொகூர் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் தோட்டத் திருவிழாவில் நம்மவர்களே பாடினோம். காலையில் பால்மரம் வெட்டிய கைதான் இரவில் ஆர்மோனியம் வாசித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணம் போயின. குழுக்களும் கலைந்தன.

திறமை கலையவில்லை. பினாங்கின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றது. 2006-இல் யோகி பி - நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தமிழ்நாட்டிலும் ஒலித்தது.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டில் பஞ்சமில்லை; மேடைக்குத்தான் பஞ்சம். ‘நம்ம பையன்தானே’ என்று இலவசமாகப் பாடச் சொல்கிறோம். கூலிக்குப் போராடும் நாம் அப்படிச் செய்யலாமா? பாட்டும் உழைப்புதான்.

நம் ஆண்டு விழாவில் முதல் மேடையும் முழுக்கூலியும் நம் பிள்ளைகளுக்கே என்று இன்றே தீர்மானிப்போம்!