மணப்பாட்டுக் கரையும் அடையாற்றுத் தண்ணீரும்



திமிங்கிலத்தைப் பற்றிப் பேச, கடலோரம் இல்லாத சென்னைப் புறநகர்த் திருநீர்மலையில் எதற்கு மேடை என்று சிலருக்குத் தோன்றலாம். முதலில் மணப்பாடு வரை போய்வருவோம்.

2016 ஜனவரி 11, பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல்மேட்டில் சிலுவைக் கோயில் நிற்கும் அந்த மீனவ ஊரின் கரையில், பொழுது சாயும் நேரத்தில் கறுத்த பெரிய உடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கத் தொடங்கின. அவை பைலட் திமிங்கிலங்கள். கூட்டமாகவே வாழ்ந்து கூட்டமாகவே நகரும் இனம். முன்னால் போவது எங்கே திரும்புகிறதோ அங்கேதான் மற்றவையும் திரும்பும். திமிங்கிலம் மீன் அல்ல. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லையே, பிறகு ஏன் சாகிறது? தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடை, மணலில் கிடக்கும்போது அதன் நெஞ்சின் மேலேயே இறங்குகிறது. குளிர்கடலிலும் சூடு காக்கும் தடித்த கொழுப்பு, வெளியில் வந்ததும் உடலை உள்ளுக்குள் வேக வைக்கிறது.

மணப்பாட்டு மீனவர்கள் அதிகாரிகள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விட்டவற்றில் பல, கரையில் கிடக்கும் தம் கூட்டத்தைத் தேடித் திரும்பவும் வந்தன. மறுபடி இழுத்தார்கள். எண்பதுக்கும் மேல் ஒதுங்கியதில் 45 மாண்டன. 36 கடலுக்குத் திரும்பின. மாண்டவற்றைக் கடற்கரையிலேயே பெரும் குழிகள் தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை ஊர்ப் பெரியவர்கள் அன்று நினைவுகூர்ந்தார்கள். ஆய்வாளர்கள் பல காரணங்களை முன்வைத்தார்கள், எதுவும் உறுதியாகவில்லை.

சென்னையின் கதை அப்படியல்ல. இங்கே காரணம் தெளிவாகவே தெரியும்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. மூச்சுத் திணறிச் செத்த ஆமை இப்படித்தான் இருக்கும். மேலே வந்து காற்று வாங்கி மறுபடி மூழ்கும் உயிர் அது. விசைப்படகின் இழுவை மடி வலைக்குள் சிக்கி மணிக்கணக்கில் மேலே வர முடியாமல் போனால், கடலிலேயே வளர்ந்தும் கடலிலேயே மூழ்கிச் சாகிறது. முட்டையிடக் கரை நாடி வரும் காலமும், கரையோரத்தில் மீன் நிறைந்திருக்கும் காலமும் ஒன்றாக வருவதுதான் வினை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மடியின் நடுவில் பொருத்தும் கம்பித் தடுப்பு ஒன்றும் உண்டு: இறால் கம்பிகளுக்கிடையே புகுந்து பின்னால் போய்விடும், ஆமை மட்டும் கம்பியில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி அதை உருவாக்கித் தந்திருக்கிறது. அது பரவலாகப் புழக்கத்துக்கு வராததால், 2019 முதல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தது. ஆமை போனது, இறால் விலையும் போனது. மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடுவது நியாயமாகாது. டீசல் விலையும் படகுக் கடனும் அவரைக் கரையோரத்துக்குத் துரத்துகின்றன. தடுப்பைப் பொருத்தும் செலவை அரசு ஏற்கட்டும். எல்லை மீறும் படகைப் பாரபட்சமில்லாமல் பிடிக்கவும் செய்யட்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பலன்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து நின்றதால், திருமங்கையாழ்வார் மாதக்கணக்கில் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது இத்தலத்தின் வரலாறு. நீர் கூடும் இடம்தான் இது: ஆதனூர் பக்கத்து நீரும் செம்பரம்பாக்கத்து உபரி நீரும் திருநீர்மலை அருகே கூடித்தான் அடையாறு ஆறாக உருக்கொள்கிறது. அது பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் விழுகிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே பங்குனி ஆமை முட்டையிடும் மணல் இருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த வெள்ளம் வடிந்து போன வழியும் இதுதான். நம் தெருக் கால்வாயில் விழும் கேரி பேக், கழிவுநீர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துத் தொழிற்கழிவு எல்லாவற்றுக்கும் கடைசி ஊர் கடல்தான்.

அந்தக் குப்பை கடலுக்குப் போய் என்ன செய்யும்? 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வாகாடோபி கடற்பகுதியில் செத்து ஒதுங்கிய ஒரு விந்துத் திமிங்கிலத்தின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே 115 பிளாஸ்டிக் கப், 25 பை, 4 பாட்டில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு! மொத்தம் ஏறத்தாழ 6 கிலோ குப்பை. நம் கல்யாண மண்டபத்து வாசலில் காலையில் அள்ளுகிற அதே சாமான்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதலே தடை இருக்கிறது. ஆனால் எந்தச் சந்தைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கேட்காமலே பையில் போட்டுத் தருகிறார்கள்.

மனம் வைத்தால் நடக்கும் என்பதற்குப் பாக் விரிகுடாவே சாட்சி. கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் நம் மீனவர்கள் சொல்லும் உயிரினத்துக்காக, 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே ஆவுளியாவுக்கான முதல் காப்பகம் அது. ஒரு காலத்தில் கறிக்காக வேட்டையாடப்பட்ட அந்தக் கடற்பசு வலையில் சிக்கினால், இன்று வலையை அறுத்து அதைக் கடலில் விடுகிறார்கள் அங்குள்ள மீனவர்கள். அறுந்த வலையின் நட்டம் அவர்கள் தலையில் விழாதபடி பார்ப்பது அரசின் கடமை.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். திருநீர்மலை இன்று தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. இந்த ஊரின் சாக்கடை, சுத்திகரிக்கப்படாமல் ஏரியிலும் ஆற்றிலும் கலக்கக் கூடாது என்று வார்டு சபையில் எழுந்து கேளுங்கள். எந்த மாதத்துக்குள் முடியும் என்று தேதி வாங்குங்கள். மழைக்காலத்துக்கு முன்பே கால்வாய் முகப்பில் குப்பையைத் தடுக்கும் வலைக்கம்பி போடச் சொல்லுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெசன்ட் நகருக்குப் போங்கள். 1988 முதல் அங்கே மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரை வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து வருகிறது. நடையில் சேர முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு வரச் சொல்வார்கள், கேளுங்கள்: வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சு கடலை விட்டுச் சாலைப் பக்கம் போய்விடும்.