ஆறு இலக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மலை ஏறி இறங்கிக் களைத்து வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம்ம லயத்துப் பாட்டி ஒருவருக்கு சேமலாப நிதிக் காசு வங்கிக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு போன் வந்தது. “அம்மா, வங்கியிலிருந்து பேசுறோம். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் காசு சேர வேண்டியிருக்கு” என்றான். பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரியாகச் சொன்னான். இவ்வளவு தெரிந்தவன் வங்கிக்காரனாகத்தானே இருப்பான் என்று பாட்டி நம்பிவிட்டார். எழுத்து தெரியாததால் போனைப் பேரனிடம் கொடுத்தார். அவன் ஏ.ரி.எம். அட்டையில் இருந்த இலக்கங்களையும், பிறகு எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த ஆறு இலக்கத்தையும் கணீரென்று வாசித்தான். கணக்கில் இருந்தது போய்விட்டது.

அந்தப் பிள்ளையை யாரும் ஏசாதீர்கள். அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். எதை வாசிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த ஆறு இலக்கம்தான் பெட்டகத்தின் சாவி. வங்கியில் வேலை செய்பவர் அதை உங்களிடம் கேட்கவே மாட்டார். கேட்டால் கள்ளன். போனை வையுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

சரி, அவனுக்கு அட்டை இலக்கம் எப்படித் தெரிந்தது? நாம் எங்கெல்லாம் போட்டோ கொப்பி கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். சிம் வாங்க ஒன்று, குழுக் கடனுக்கு ஒன்று, தவணையில் டீவி எடுக்க ஒன்று, வெளிநாட்டு வேலை என்று வருகிற ஏஜண்டுக்கு ஒன்று. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது கிடைத்தது. நம் பாட்டன் பாட்டி அட்டை இல்லாமல் அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியும். அந்த அட்டையின் கொப்பியை இன்று கடை மேசையில் விட்டுவிட்டு வருகிறோம்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொப்பியின் குறுக்கே பேனாவால் திகதியையும் “சிம் வாங்க மட்டும்” என்று காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இளைஞர்களுக்கு ஒன்று. கொழும்பில் கடை வேலைக்குப் போகிற தம்பிமாரிடம், “உன் கணக்கையும் ஏ.ரி.எம். அட்டையையும் கொஞ்ச நாளைக்குத் தா, காசு தர்றேன்” என்று கேட்கிறார்கள். பாட்டியிடம் திருடிய காசு அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர். கேட்டவன் பெயர் எங்கேயும் இருக்காது.

வெளிநாட்டு வேலை என்றால் காசும் கடவுச்சீட்டும் கொடுக்கும் முன் வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989இல் அழைத்து, அந்த ஏஜண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்குப் பேசி அட்டையையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கம் வங்கியின் இலக்கம் இருக்கும். இன்றைக்கே அதை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் பொலிஸுக்குக் கொண்டுபோய் முறைப்பாடு போட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். பாட்டி மகன் ஏசுவான் என்று பயந்து நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு நாளில் காசு எத்தனை கை மாறியதோ. பொலிஸுக்குத் தனியாகப் போகப் பயமென்றால் தலைவரைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் சங்கக் காரியாலயத்தில் இருப்பேன். விளங்காத மெசேஜ் எது வந்தாலும் எதையும் அமத்தாமல் போனோடு வாருங்கள். பாட்டியின் முறைப்பாடு சம்பந்தமாக வங்கிக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை தலைவரும் நானும் நேரில் போகிறோம்.