சிறு வண்டியும் பெரிய உரிமையும்

(பதுளையில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் அரசியல் மேடையா என்று சிலர் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதன் தான் விரும்பும் இடத்துக்கு, விரும்பும் நேரத்தில், பிறர் தயவின்றிச் சென்றுவர முடியுமா என்பது அரசியலின் அடிப்படைக் கேள்வியாகும். மலையகத் தமிழ் மக்களாகிய நமக்கு அக்கேள்வி புதியதுமன்று.

நமது முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். வந்த பின்னர், 'துண்டு' என்னும் காகிதமின்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல அவர்களால் இயலவில்லை. அத்துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1924இல், புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது. எதற்காக வந்தது? ஊவாவின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகம் கொண்டு சேர்க்க வந்தது. தோட்டத்துப் பாதைகளும் கொழுந்து லொறி தொழிற்சாலையை அடைவதற்காகவே வெட்டப்பட்டவை. தேயிலைக்கு வழி அமைத்தார்கள். அதைப் பறித்தவள் வைத்தியசாலைக்குப் போகும் வழியை யார் எண்ணினார்கள்?

1948ஆம் ஆண்டின் சட்டம் நமது குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை எண்ணிக்கைகளாக்கிப் பங்கிட்டது. 1988லும் 2003லும் இயற்றப்பட்ட சட்டங்களால், எஞ்சியவர்களும் இந்நாட்டின் குடிகளாயினர். வாக்குச் சீட்டு கைக்கு வந்தது. ஆயினும், லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு உள்ள இரண்டு மூன்று மைல் இன்னும் பலருக்கு எட்டாத தூரமாகவே இருக்கிறது. வங்கி, பிரதேச செயலகம், நீதிமன்றம், பிள்ளையின் பாடசாலை, தாயின் மருந்து ஆகிய அனைத்தும் அந்த மூன்று மைலுக்கு அப்பால்தான் உள்ளன.

இந்தக் குறுந்தூரத்துக்கு ஏற்றதே சிறு ஸ்கூட்டர். போருக்குப் பின் நலிந்து கிடந்த இத்தாலியில் 1946இல் 'வெஸ்பா' பிறந்தது. ஜப்பானில் 1958இல் ஹொண்டா நிறுவனம் 'சுப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. தமிழ்நாட்டின் ஓசூரில் 1980இல் 'டீ.வீ.எஸ். 50' என்ற மொபெட் உருவாயிற்று. கார் வாங்க வசதியற்ற எளிய மக்களை எண்ணியே இவை செய்யப்பட்டன. கால் தூக்கி ஏற வேண்டியதில்லை. புடைவை உடுத்த பெண்ணும் ஓட்டலாம்.

இதன் அருமையை 2022ஆம் ஆண்டு நாட்டுக்கே உணர்த்தியது. அன்னியச் செலாவணி வற்றி, எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் இரவு பகலாக நின்றனர். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த பங்கீட்டில், வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என முதலில் வரையறுத்தார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஹாலிஎலயிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். வாரத்தில் ஐந்து நாள் சென்று மீளும் ஆசிரியைக்கு 80 கிலோமீற்றர். மலைப்பாதையில் லீற்றருக்கு 35 கிலோமீற்றர்தான் ஓடுமென்று கொண்டாலும், இரண்டரை லீற்றருக்குள் அவர் பணி முடிந்துவிடும். எஞ்சியதில் சந்தைக்கும் போகலாம், மருத்துவரிடமும் போகலாம். வெலிமடையில் மரக்கறி பயிரிடும் விவசாயியும் விதைக்கும் மருந்துக்கும் நகர் சென்றுவர இவ்வாறே கணக்கிடலாம்.

பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஊரார் ஏதேனும் சொல்வார்களே என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்ணை எவரும் தடுத்ததில்லை. அவள் மகள் ஆசிரியையாகவோ தாதியாகவோ ஆகி ஸ்கூட்டரில் செல்லும்போது மட்டும் மானம் போய்விடுமா? இந்தப் போலிக் கூச்சத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

ஆனால், அன்பர்களே, வண்டியைப் புகழ்ந்துவிட்டு அதன் ஆபத்தை மறைப்பது நேர்மையன்று. கியர் இல்லாத ஸ்கூட்டர் சமதரை நகருக்கென அமைந்தது. இறக்கத்தில் எரிபொருள் மிச்சமாகுமென்று எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது உயிருக்கு உலை வைக்கும் சிக்கனம். எஞ்சின் நின்றால் கிளச்சு விலகிவிடும். வண்டியைப் பிடித்து நிறுத்தும் முழுப் பாரமும் பிரேக்கின் மீதே விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கு சூடேறி வலுவிழக்கும். சக்கரம் சிறியதாதலால் குழியில் எளிதில் இடறும். எனவே எஞ்சினை இயக்கத்தில் வைத்து மெதுவாக இறங்குங்கள். இருவருக்கு மேல் ஏறாதீர்கள். பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். 2021 மார்ச் 20ஆம் தேதி பசறையின் 13ஆம் கட்டையருகே பேருந்து பள்ளத்தில் வீழ்ந்த துயரத்தை ஊவா மறக்கவில்லை. அத்தகைய நெடும் மலைப்பாதைக்குச் சிறு ஸ்கூட்டர் உகந்ததன்று. அது குறுந்தூரத் துணை மட்டுமே.

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் மேலும் சில சொல்வது நம் கடமை. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வயது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். 'ஏ1' வகுப்பு 100 சீ.சீ. வரையான வண்டிக்கே செல்லும். இன்று பரவலாக ஓடும் 110 சீ.சீ. ஸ்கூட்டருக்கு 'ஏ' வகுப்பு வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி இன்றி வண்டி ஓட்டுவது குற்றம். அக்காப்புறுதியோ பிறருக்கு விளையும் கேட்டுக்கானது. ஓட்டுபவரின் எலும்பு முறிந்தால் அதிலிருந்து பணம் வராது. பழைய வண்டி வாங்குவோர் 'திறந்த பத்திரம்' என்ற பெயரில் கையொப்பமிட்ட வெற்றுத் தாளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். உரிமையை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிடில், விற்றவர் பெயரிலேயே வண்டி இருக்கும். வழக்கு வந்தால் இருவரும் அலைவீர்கள். லீசிங்கில் வாங்குவோர், தமக்குப் புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் ஒப்பமிடாதீர்கள். தவணை தவறினால் வண்டி பறிபோகும் நிபந்தனை அதில்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயமானது, நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின்னரே. அப்பணத்தை வட்டிக்கு வாரிக்கொடுக்கலாகாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "பேருந்து கேட்க வேண்டிய நீங்கள், ஆளுக்கொரு வண்டி வாங்கிக் கடன்படச் சொல்கிறீர்களா?" என்று தோழர்கள் கேட்பார்கள். அல்லவே அல்ல. முதியவருக்கும் கருவுற்ற தாய்க்கும் நோயாளிக்கும் பேருந்தே வேண்டும். ஸ்கூட்டர் வாங்கியவர் பேருந்துக் கோரிக்கையைக் கைவிடுவாராயின், அது சமூகத்துக்குச் செய்யும் துரோகம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான தேவை ஒன்றுண்டு. அதுவே பாதை.

பாதையைக் கேட்டால், தோட்டம் தனியார் பொறுப்பு, எங்களுக்கு அதிகாரமில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கைவிரித்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவே அதற்குத் தடையாக நின்றது. வரியும் வாக்கும் வேண்டும், வசதி மட்டும் தோட்டத்து எல்லையில் நின்றுவிட வேண்டும் என்பது என்ன நீதி? 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தோட்டங்களுக்குள்ளும் சபைகள் பணி செய்ய வழி திறந்தது. இனி அந்தச் சாக்கு செல்லாது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து இம்மாவட்டத்தின் மலைகளைச் சரித்துப் பாதைகளைத் துண்டித்தபோது, வடிகாலும் மதகும் இல்லாத பாதை பாதையே அல்ல என்பதும் வெளிப்பட்டது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு லயத்திலிருந்தும் பெருந்தெரு வரை, வடிகாலுடன் கூடிய கொங்கிறீற்றுப் பாதை வேண்டும். பதுளை, பண்டாரவளை, பசறை நகரங்களில் சிறு வண்டிகளை நிறுத்த இடம் வேண்டும். ஹாலிஎல, பசறை, அப்புத்தளை உள்ளிட்ட பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அங்கெல்லாம் வாகனப் பத்திரங்களைத் தமிழில் நிரப்பிக் கொடுத்தால் மறுக்காது ஏற்க வேண்டும்.

இங்குள்ள ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! உங்கள் தோட்டத்துப் பாதையின் நீளத்தை அளந்து, அதனால் பயனடையும் குடும்பங்களை எண்ணி, விண்ணப்பமாக எழுதுங்கள். விவசாயிகளே! அதிலே ஒப்பமிடுங்கள். அதன் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதேச சபை கூடும் நாளில் பார்வையாளர் வரிசையிலே சென்று அமருங்கள். வாய்ச்சொல்லை மறுக்கலாம், பெயரும் அளவும் கையொப்பமும் கொண்ட தாளுக்கு விடை சொல்லித்தான் ஆக வேண்டும்.