எபிசோடு 41: பூச்சி வீட்டில் வண்ணத்துப்பூச்சி தங்குமா?

ஆன்லைனில் இப்போ குட்டி மர வீடு மாதிரி ஒண்ணு விற்கிறாங்க. பேரு பூச்சி வீடு. மூங்கில் குழாய் அடுக்கின ஒரு அறை, சருகு போட்ட ஒரு அறை, செங்குத்தா மூணு நாலு கீறல் போட்ட ஒரு அறை. அந்தக் கீறல் அறை வண்ணத்துப்பூச்சிக்காம். மாட்டினா வந்து தங்குமா? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ஐரோப்பாவில் சில வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலம் முழுக்க மரப்பொந்திலோ பழைய கொட்டகையிலோ அசையாமல் கிடக்கும். அந்த இடுக்கைப் பார்த்துச் செஞ்ச டிசைன்தான் இது. அங்கேயே அதுக்குள்ள பெரும்பாலும் குடியேறுறது சிலந்தியும் குளவியும்தான். சென்னையிலயும் மதுரையிலயும் தூங்கியே கடக்க வேண்டிய பனிக்காலம் கிடையாது. நம்ம ஊர் வண்ணத்துப்பூச்சி ராத்திரியில இலைக்கு அடியிலயோ புல் தண்டிலயோ தொங்கிக்கும். மூங்கில் குழாய் வீண் இல்ல. தனியா வாழுற சின்னத் தேனீக்கள் அதுல கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் அங்க வேலை இல்லை.

அப்போ அதுக்கு வீடு எது? அதோட புழு சாப்பிடுற செடி. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, அது ஹார்ட் டிபெண்டன்சி. தாய்ப்பூச்சி காலால இலையைத் தட்டி, ருசி பார்த்து, சரியான செடின்னு தெரிஞ்சாதான் முட்டை போடும். கறிவேப்பிலை, எலுமிச்சை இருந்தா கறிவேப்பிலை அழகி வரும். எருக்கு இருந்தா ஆரஞ்சு நிற வெந்தய வரியன். சரக்கொன்றை இருந்தா வெளிர்மஞ்சள் பூச்சிகள். பூச்செடி மட்டும் வச்சா தேன் குடிச்சுட்டுப் போயிடும், குடும்பம் நடத்தாது.

பிரச்சினை இங்கதான். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கிறது அழுக்கு இல்ல, குட்டிப் புழு. அந்த வேஷம்தான் அதைப் பறவைகிட்ட இருந்து காப்பாத்துது. வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டிச்செடியை மொட்டை அடிச்சிடும். "ரசத்துக்குத் தாளிக்க ஒரு இணுக்கு இல்ல, நீ புழு வளர்க்கிறியா"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. கடைசியில ரெண்டு தொட்டின்னு ஒப்பந்தம் போட்டோம். ஒண்ணு சமையலுக்கு, ஒண்ணு புழுவுக்கு. அம்மா தொட்டியில் புழு தெரிஞ்சா, இலையோட கிள்ளி அடுத்த தொட்டிக்கு மாத்திடுவோம். கடிச்ச செடி திரும்பத் துளிர்த்துடும்.

எங்க அப்பார்ட்மெண்ட்டில் இது இன்னும் பெரிய விவாதம். மொட்டை மாடிக்குப் பூச்சி வீடு வாங்கணும்னு ஒரு யோசனை. அதே மாடித் தொட்டிகளுக்கு மாசாமாசம் பூச்சி மருந்து அடிக்கணும்னு இன்னொரு யோசனை. ரெண்டும் ஒண்ணா நடக்காது. எந்தப் புழு நாளைக்கு இறக்கை விரிக்கும்னு மருந்துக்குத் தெரியாது. வேப்பெண்ணெய் இயற்கைதானேன்னு கேட்கலாம்; அதையும் புழு வரக்கூடாதுன்னுதான் அடிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் என் வோட்டு, "வீடு வேண்டாம், மருந்தும் வேண்டாம்" என்பதுக்குத்தான்.

உங்க பால்கனிக்கு: காலை வெயில் விழுற, காத்து ரொம்ப அடிக்காத இடத்தில் ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை வைங்க. தேனுக்குப் பக்கத்தில் ஒரு இட்லிப்பூச்செடி. ஒரு தட்டில் ஈர மண். ஆண் பூச்சிகள் உப்புச்சத்துக்காக அதை உறிஞ்ச வரும். நர்சரியில் வாங்கும்போது, மருந்து அடிச்ச செடியான்னு கேளுங்க. புழுவைப் பார்த்தா ரெண்டு மூணு வாரம் பொறுத்துக்கோங்க.

வந்துச்சுன்னா போட்டோ அனுப்புங்க. புழு போட்டோவும் ஓகே. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.