எல்லையறியா அலையும் பூட்டிட்ட ஓடையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நெய்யாறு கடலோடு கலக்கும் இப்பூவாரில், வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக நாம் வாழ்ந்து வருகின்றோம். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. ஆயினும் வானொலி அலை அக்கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. ஏட்டில் தமிழ் பயிலும் வாய்ப்புக் குறைந்த நம் பிள்ளைகளுக்குச் செவிவழித் தமிழே முதற்பள்ளி. ஆதலின், இன்று அச்செவிவழிக்கு வந்துள்ள புதிய தடைகளைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

பழைய நிலையை முதலில் நோக்குவோம். திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிற்று. 1950இல் அகில இந்திய வானொலி அதனை ஏற்றுக்கொண்டது. திருச்சி நிலையம் 1939இலும், திருநெல்வேலி நிலையம் 1963இலும் எழுந்தன. அந்நாளிலும் கட்டுப்பாடுகள் இருந்தன. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் வானொலியில் திரையிசைக்கு இடம் மிகவும் சுருங்கிற்று. மக்கள் என் செய்தனர்? பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர்! 1957இல் விவித் பாரதி தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் அன்றோ?

வானொலி அலை கோயில் மணியோசை போன்றது. எழுந்தபின் அது கேட்கும் தொலைவிலுள்ள யாவர்க்கும் பொது. கேட்டவர் யார் என்பதை மணியடித்தவர் அறியார். இணைய வானொலியோ அஞ்சல் போன்றது. நம் கருவி நிலையத்தின் கணினியிடம் ஒலியை அனுப்புமாறு வேண்டுகிறது. உடன் தன் ஐ.பி. முகவரியையும் கொடுக்கிறது. அம்முகவரியைக் கொண்டு, கேட்பவர் எந்நாட்டினர் என்பதை நிலையம் பெரும்பாலும் அறிந்துகொள்ளும். விரும்பினால் அனுப்பும், இன்றேல் மறுக்கும். உலகெங்கும் செல்லவல்ல இணையத்தில் எல்லைக்காவல் புகுந்தது இவ்வாறுதான்.

இக்காவலில் மூவகைப் பூட்டுகளைக் காண்கின்றோம்.

முதலாவது, சட்டப் பூட்டு. 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31-டி பிரிவு, விதிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தி வானொலியும் தொலைக்காட்சியும் பாடல்களை ஒலிபரப்ப வழி செய்தது. அவ்வழி இணையத்திற்குப் பொருந்தாது என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதி செய்தது. எனவே இணையத்தில் பாடல் வழங்குவோர் உரிமையாளரிடம் தனியே இசைவு பெறவேண்டும். அவ்விசைவு ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்றுவிடுவதும் உண்டு. பிற நாட்டிலும் இந்நிலையே. பிரிட்டனில் 2019இல் வந்த ஒரு தீர்ப்பைத் தொடர்ந்து, டியூன்இன் என்னும் செயலி 2020இல் அந்நாட்டு நேயர்களுக்கு அயல்நாட்டு நிலையங்களை நிறுத்திற்று. இலண்டனில் வாழும் தமிழர் அச்செயலியில் நம் நாட்டு நிலையத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்? 2025 ஜூலையில் பி.பி.சி. சவுண்ட்ஸ் செயலி பிரிட்டனுக்கு வெளியே மூடப்பட்டது.

இரண்டாவது, கருவிப் பூட்டு. முன்னாளில் பல நிலையங்களின் ஒலி பிளாஷ் என்னும் மென்பொருளைச் சார்ந்திருந்தது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கான ஆதரவு முடிந்தது. மாற்றிக்கொள்ளாத பக்கங்கள் ஊமையாயின. பாதுகாப்பான பக்கத்துள் பாதுகாப்பற்ற பழைய முகவரியிலிருந்து ஒலி வருமாயின், இன்றைய உலாவிகள் அதனை ஏற்க மறுப்பதும் உண்டு. எந்த நிலையத்தின் ஓடையையும் திறக்கவல்ல இலவச ஒலிப்பான்களுள் சிறந்ததாகிய வி.எல்.சி.யின் இணையதளமே 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் தடைப்பட்டுக் கிடந்தது. அதனை உருவாக்கியோர் சட்டப்படி முறையிட்ட பின்னர், அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிற்று. முறையீட்டின் வலிமைக்கு இது நற்சான்று.

மூன்றாவது, நிலையப் பூட்டு. ஒலியைச் சில வினாடித் துண்டுகளாக அறுத்து, அத்துண்டுகளின் பட்டியலை அனுப்புவது இன்று பரவலான முறை. சில நிலையங்கள் அப்பட்டியலின் முகவரியைச் சிறிது நேரத்தில் காலாவதியாக்குகின்றன. தம் செயலியிலன்றி வேறு ஒலிப்பானில் கேட்க விடுவதில்லை. விளம்பர வருவாய் கருதும் தனியார் நிலையம் இதனைச் செய்தல் இயல்பே.

இவற்றுள் நாம் எதனை ஏற்பது, எதனை எதிர்ப்பது? பாடியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் உரிய ஊதியம் தருவது அறம். அதற்கான கட்டுப்பாட்டை நாம் பழியோம், ஐ.பி. முகவரியை மறைத்துத் திருட்டுவழி புகுமாறு பிள்ளைகளுக்குக் கற்பியோம். ஆனால் மக்கள் பணத்தில் நடைபெறும் நிலையத்தின் செய்தியும், உரையும், உழவர் நிகழ்ச்சியும், கடல்மேற் செல்வோர்க்குரிய வானிலை அறிவிப்பும் ஒரே செயலிக்குள் அடைபடுதல் முறையாகாது. பிரசார் பாரதி தன் நியூஸ் ஆன் ஏர் செயலி வழியே 200க்கு மேற்பட்ட வானொலிச் சேவைகளை வழங்கி வருவது பாராட்டத்தக்கது. அதனோடு ஒவ்வொரு நிலையத்தின் ஓடை முகவரியும் வெளிப்படையாக, நிலையாக, எந்த ஒலிப்பானிலும் திறக்குமாறு அமைதல் வேண்டும். பழைய கைப்பேசி வைத்திருக்கும் பாட்டியும், வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனும் ஒரே நிகழ்ச்சியைக் கேட்க அதுவே வழி.

நம் காலனிக் குடும்பங்கள் செய்யத்தக்கன மூன்று. விருப்பமான தமிழ் நிலையங்களின் முகவரிகளை இளைஞர்கள் திரட்டிச் சங்கப் பலகையில் எழுதிவைத்தல். வீட்டில் ஒரு சிறு வானொலிப் பெட்டியையும் பேணுதல், ஏனெனில் மின்சாரமும் இணையமும் அற்ற புயல்நாளில் மின்கலத்தில் பேசுவது அதுவே. பொது நிலைய ஓடைகளைத் திறந்து வைக்குமாறு சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் விடுத்தல்.

நிலத்தின் எல்லையை நாம் ஏற்று வாழ்கின்றோம். அண்டை மொழியாரோடு உறவாகவும் வாழ்கின்றோம். செவிக்கும் எல்லை வகுக்கப்படுமாயின் நம் பிள்ளைகள் தமிழை எங்ஙனம் கேட்டு வளர்வர்? அவ்விண்ணப்பத்தில் முதற் கையொப்பம் இடத் தாய்மார்கள் முன்வருவார்களாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!