வெள்ளி என்னும் பெயர்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். சீட்டில் எழுதியிருப்பதும் மூட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதே என் தொழில். அந்தப் பழக்கத்தோடு இன்று ஓர் உலோகத்தின் பெயர்களைப் பரிசோதிக்க விரும்புகிறேன். அதுதான் ஜெர்மன் வெள்ளி.

என் தங்கையின் திருமணத்தில் உறவினர் ஒருவர் வெள்ளித் தட்டு என்று சொல்லி ஒன்றைப் பரிசளித்தார். கடையில் அவரிடம் அப்படித்தான் சொல்லி விற்றிருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மாப்பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. தங்கை அந்தத் தட்டை அடகு வைக்கச் சென்றாள். கடைக்காரர் உரைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இது ஜெர்மன் வெள்ளி, இதற்குப் பணம் தருவதற்கில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுடைய கண்ணீருக்குக் காரணம் உலோகமா, அதன் பெயரா?

இவ்வுலோகத்தில் வெள்ளி குன்றிமணியளவும் கிடையாது. பெரும்பாலும் 100 பங்கில் 60 பங்கு செம்பு. எஞ்சியது நிக்கலும் துத்தநாகமும். செம்பின் சிவப்பை மறைத்து வெண்மை தருவது நிக்கலே. அந்த நிக்கலின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. செம்புத் தாது போலத் தோன்றிச் செம்பு தராத ஒன்றை ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் குட்டிச்சாத்தானின் பெயரிட்டு ஏசினர். அதிலிருந்து புதிய உலோகத்தை 1751-இல் பிரித்தெடுத்த சுவீடன் அறிஞர் குரோன்ஸ்டெட், அவ்வசைப் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்!

இக்கலவையை முதலில் கண்டவர்கள் சீனர்கள். அவர்கள் இட்ட பெயர் ‘பாக்தோங்’, அதாவது வெண்செம்பு. எவ்வளவு நேர்மையான பெயர்! பதினெட்டாம் நூற்றாண்டில் அது ஐரோப்பா சென்றது. பிரான்சில் மையே, ஷோரியே என்ற இருவர் அதைப் போன்றதொரு கலவையைச் செய்தனர். இருவர் பெயரும் இணைந்து ‘மையேஷோர்’ ஆயிற்று. அதுவும் குற்றமற்ற பெயரே. 1823-இல் ஜெர்மனியில் கைட்னர் என்பவர் தம் கலவைக்கு ‘அர்ஜென்டான்’ எனப் பெயரிட்டார். அர்ஜென்டம் என்றால் லத்தீனில் வெள்ளி. பெர்லினில் அதே வகை உலோகம் ‘நாய்சில்பர்’, அதாவது புதுவெள்ளி, ஆயிற்று. அது முதல் இல்லாத வெள்ளி பெயரில் மட்டும் குடியேறிவிட்டது.

1840-இல் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். கரண்டிகளின் பின்புறம் காணும் ‘இ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துக்கள் முலாம் பூசிய நிக்கல் வெள்ளியைக் குறிப்பவை. வெள்ளியின் தர முத்திரை அன்று.

நிற்க. உலோகத்தை நான் பழிக்கவில்லை. அது துருப்பிடிக்காது, உறுதியானது, சாவிக்கும், கரண்டிக்கும், மேல்நாட்டுக் குழற்கருவிகளுக்கும் உகந்தது. நம் ஆண்டு விழாவில் குழந்தைகள் பெறும் கோப்பைகள் இந்த உலோகத்தால் ஆனவை என்பதால் அவர்கள் வெற்றி குறைந்துவிடுமா? குறை, பாதிப் பெயரைச் சொல்லி விற்பவரிடமே உள்ளது. ஆகவே, வாங்கும்போது ரசீதில் உலோகத்தின் முழுப்பெயரை எழுதி வாங்குங்கள். வெள்ளியென்றால் தர முத்திரையைப் பாருங்கள். பரிசளிக்கும்போதும் பெயரைச் சொல்லியே கொடுங்கள். அன்புக்கு அதனால் மாற்றுக் குறையாது. ஆபத்துக் காலத்தில் ஒரு பெண் அடகுக் கடை வாசலில் தலைகுனியவும் நேராது.