உறைந்து நின்ற சாளரம்



திருப்பூர் மாவட்டத்திலே, மடத்துக்குளம் வட்டத்தைச் சேர்ந்தது கணியூர். அமராவதிப் பாசனத்தை நன்கு அறிந்த ஊர். கடைமடைக்கு வரவேண்டிய நீர் நின்றுவிட்டால், உழவர் மடையை உடைப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, அடைப்பு எங்கே என்று பார்க்கிறார். கணினியைக் கையாள்வோர்க்கும் இதுவே நல்வழி.

அவ்வூரில் ஒரு சிறு பின்னலாடைக் கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர் ஒருவர், மறுநாள் அனுப்பவேண்டிய ஆடைகளின் அளவுப் பட்டியலை மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் இயங்குவது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தது அது. நம் நாட்டுச் சீடாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ என்பதும் அதன் வழிவந்ததே. ஆடைகளின் படங்களோ அடுத்த அறைக் கணினியில் உள்ளன. வலையிணைப்பின் வழியே அவற்றைப் பார்க்கிறார்.

திடீரென்று மின்சாரம் நின்றது. அடுத்த அறைக் கணினி அணைந்தது. மடிக்கணினி தன் மின்கலத்தால் ஓடிற்று. ஆனால் கோப்புகளைக் காட்டும் சாளரம் மட்டும் உறைந்து நின்றது. மின்பொத்தானை அழுத்தக் கை துடிக்கும். அழுத்தினால், இன்னும் சேமிக்காத பட்டியல் அழிந்துபோகும் அல்லவா? ஆகவே, முதலில் பட்டியலை மடிக்கணினியிலேயே சேமித்துவிட வேண்டும்.

அடுத்து, சுட்டி நகர்கிறதா, மற்றச் சாளரங்கள் இயங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். இயங்கினால், பழுது ஓரிடத்தில்தான். பிறகு முனையத்தைத் திறந்து ‘டாப்’ என்று கட்டளையிட்டால், ஓடும் நிரல்களின் பட்டியல் தோன்றும். கோப்பு மேலாளரின் நிலையைக் குறிக்கும் பத்தியில் ‘ஆர்’ என்னும் எழுத்து நீடித்தால், அது ஓயாமல் உழைக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களுக்குச் சிற்றுருவங்களை ஆயத்தம் செய்துகொண்டிருக்கக்கூடும். சற்றுப் பொறுக்கலாம், சிற்றுருவம் காட்டும் வசதியை நிறுத்தியும் வைக்கலாம்.

‘டி’ என்னும் எழுத்து நீடித்தாலோ, அது வட்டிலிருந்தோ வலையிணைப்பிலிருந்தோ வரவேண்டிய மறுமொழிக்குக் காத்திருக்கிறது. அந்த உறக்கத்தை இடையில் கலைப்பது அரிது. நிரலை முடித்துவைக்கும் ‘கில்’ கட்டளையும் அப்போது பெரும்பாலும் பயன் தராது. நம் மாணவர் செய்யவேண்டியது, மின்சாரம் வந்ததும் அடுத்த அறைக்குச் சென்று அந்தக் கணினியை இயக்குவதே. மறுமொழி கிடைத்ததும் சாளரம் பெரும்பாலும் தானே விழித்துக்கொள்ளும்.

வலையிணைப்பே இல்லாத கணினியில் இவ்வாறு நேர்ந்தால், ‘டிமெசெஜ்’ என்னும் கட்டளையால் லினக்ஸின் உட்கரு எழுதிவைத்துள்ள குறிப்புகளைப் படியுங்கள். வட்டைப் படிப்பதில் பிழை என்று மீண்டும் மீண்டும் காணப்பட்டால், வட்டு நலிந்துவருகிறது என்று ஐயுறலாம். உடனே கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவைப்பதே முதற் கடமை.

அசையாமல் நிற்பதெல்லாம் பழுதானது அன்று. பல சமயம் அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்று கண்டறிந்த பின்னரே கை வையுங்கள்.